அசெம்பிளி மொழி கற்க எங்கே தொடங்குவது? 8085ஆ, எக்ஸ்86ஆ, ஆர்ம்மா?

கீழ்த்தளம்

எல்லோருக்கும் வணக்கம். படித்தது பிசிஏ, சில வருடங்களாகப் பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் பிழைப்பு ஓடுகிறது. கல்லூரியில் மைக்ரோப்ராசஸர் பாடம் ஒரு செமஸ்டர் இருந்தது. தேர்வுக்கு மனப்பாடம் செய்ததோடு சரி, ஒன்றும் நினைவில் இல்லை.

நாம் எழுதும் ஒரு வரி கடைசியில் செயலிக்குள் என்னவாக ஆகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை, அதற்காகச் செயலியின் கட்டளைகளையே சொற்களாக எழுதும் அசெம்பிளி மொழி கற்கப் பார்க்கிறேன். வேலைக்காக இல்லை, ஆர்வத்தால்தான். தேடிப் பார்த்தால் ஆளுக்கொரு திசை காட்டுகிறார்கள். ஒருவர் 8085 என்கிறார், ஒருவர் 8086 என்கிறார், இன்னொருவர் இரண்டும் செத்துப்போன சிப், ஆர்ம் படி என்கிறார். என்னிடம் இருப்பது சாதாரண விண்டோஸ் மடிக்கணினி. சி மொழி சுமாராகத் தெரியும், பாயின்டர் வந்தால் கொஞ்சம் திணறுவேன். எதில் தொடங்கலாம்?


எட்டுபிட்டு

தம்பி, பாலிடெக்னிக் லேபில் தலைமுறை தலைமுறையாகப் பையன்களை மேய்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: 8085. 1976ல் வந்த சிப்தான், பழசுதான். ஆனால் முழுதாக மனதுக்குள் அடங்கும். ரெஜிஸ்டர்கள், அதாவது செயலிக்குள்ளேயே எண் வைக்கும் இடங்கள், கொஞ்சம்தான்: ஏ என்ற அக்யுமுலேட்டர், பி, சி, டி, ஈ, எச், எல், அப்புறம் ஸ்டாக் பாயின்டர், ப்ரோக்ராம் கவுன்டர், கடைசிக் கணக்கின் விளைவைக் காட்டும் கொடிகள். நினைவகம் 64 கேபி. ஆபரேட்டிங் சிஸ்டம் கிடையாது. உனக்கும் செயலிக்கும் நடுவில் யாருமே இல்லை.

5ஐயும் 3ஐயும் கூட்டி 4200 என்ற முகவரியில் வைக்க வேண்டுமா? எம்விஐ ஏ, 05. ஏடிஐ 03. எஸ்டிஏ 4200. எச்எல்டி. இதை அசெம்பிளர்கூட இல்லாமல் கையாலேயே எண்களாக மாற்றி ட்ரெய்னர் கிட் என்ற பயிற்சிப் பலகையில் அடிப்போம் (எல்லாம் 16ஐ அடியாகக் கொண்ட எண்கள்): 3ஈ 05, சி6 03, 32 00 42, 76. மொத்தம் 8 பைட். முகவரி 4200 என்பது 00, 42 என்று தலைகீழாகப் போவதைக் கவனி. சின்ன பைட் முன்னால். இன்றைக்கு உன் மடிக்கணினியில் இருக்கும் செயலியும் எண்களை அந்த வரிசையில்தான் வைக்கிறது. கையால் அடித்தவனுக்கு இது ஜென்மத்துக்கும் மறக்காது.

இன்னொன்று, நேரம். ஒன்றைக் குறைக்கும் டிசிஆர் கட்டளைக்கு 4 டி-ஸ்டேட், அதாவது கடிகாரத் துடிப்பு. பூஜ்யம் வராதவரை தாவும் ஜேஎன்இசட் தாவினால் 10, தாவாவிட்டால் 7. ஒரு சுற்றுக்கு 14. 255 சுற்று ஓட்டினால், கடைசியில் தாவாததால் 3 குறைந்து, 3567. 3 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 1.19 மில்லிசெகண்ட். காகிதத்தில் கணக்குப் போட்டு, ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால் அதே அளவு வரும். இப்போதைய செயலியில் இதைச் செய்து காட்டு பார்க்கலாம்.


நத்தை

எட்டுபிட்டு சார் சொன்ன கடைசி விஷயம் முழு உண்மை. இப்போதைய செயலியில் அப்படி எண்ண முடியாது. கட்டளைகளை வரிசை மாற்றி ஓட்டும், ஒரே சுற்றில் நாலைந்தை முடிக்கும், தரவு கேஷில் (செயலிக்குள் இருக்கும் சின்ன வேக நினைவகம்) இல்லை என்றால் நூற்றுக்கணக்கான சுற்றுகள் காத்திருக்கும். கூட்டிப் பார்த்து நேரம் சொல்கிற காலம் முடிந்துவிட்டது.

ஆனாலும் கீழ்த்தளத்துக்கு நான் 8085 சொல்லமாட்டேன். அவர் கேட்பது "நான் எழுதும் வரி என்னவாகிறது" என்று. அவர் எழுதும் வரி 8085ல் ஓடவில்லையே. அவர் மடிக்கணினியில் ஓடுவது 64 பிட் எக்ஸ்86. 2003ல் ஏஎம்டி ஆப்டெரானோடு வந்த வடிவம். அதிலேயே தொடங்கட்டும்.

எப்படித் தொடங்குவது என்பதில்தான் என் கருத்து கொஞ்சம் வேறு. பெரும்பாலான பாடங்கள் முதல் நாளே எழுதச் சொல்கின்றன. நான் முதலில் வாசிக்கச் சொல்வேன். நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் என்று ஒரு இணையதளம் இருக்கிறது. மேட் காட்போல்ட் 2012ல் தொடங்கியது, அவர் பெயரிலேயே பலரும் அதைக் கூப்பிடுகிறார்கள். இடப்பக்கம் சி நிரல் எழுதினால் வலப்பக்கம் அசெம்பிளி உடனே வரும். எந்த வரி எந்தக் கட்டளைகளானது என்று நிறம் போட்டுக் காட்டும். எதையும் நிறுவ வேண்டாம்.

இரண்டு முழு எண்களை வாங்கிக் கூட்டித் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷனை எழுதுங்கள். முதலில் ஆப்டிமைசேஷன் (கம்பைலர் செய்யும் மெருகேற்றல்) இல்லாமல், அதாவது ஓ0வில் பாருங்கள். வந்த எண்களை ஸ்டாக்கில் (தற்காலிக மதிப்புகளை அடுக்கும் நினைவகப் பகுதி) எழுதும், எழுதினதையே திரும்ப எடுக்கும், கூட்டும். ஒரே வளவள. அப்புறம் ஓ2 போடுங்கள். இரண்டே கட்டளை:

லீ ஈஏஎக்ஸ், [ஆர்டிஐ + ஆர்எஸ்ஐ]
ரெட்

(கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கோப்பில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.)

இந்த இரண்டு வரியில் ஒரு வாரத்துக்கு யோசிக்க விஷயம் இருக்கிறது. கூட்டும் கட்டளையான ஆட் ஏன் வரவில்லை? ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ என்று யார் முடிவு செய்தது? விடை ஏன் ஏஎக்ஸ் குடும்பத்தில் வருகிறது? ரெட் எங்கே திரும்பிப் போகிறது? யோசித்துவிட்டு வாருங்கள்.


அவசரக்காரன்

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் காலத்தில் அசெம்பிளி எதற்கு? கம்பைலர் நம்மைவிட நன்றாக எழுதுகிறது. அது போதாது என்று ஏஐ வேறு கேட்டதை எழுதித் தருகிறது. அந்த நேரத்தில் கிளவுட் ஏதாவது படித்தால் சம்பளமாவது ஏறும்.


நத்தை

சம்பளத்துக்கு என்றால் உங்கள் யோசனைதான் சரி, மறுக்கவில்லை. கீழ்த்தளம் ஆர்வத்தால் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஆனால் "கம்பைலர் நன்றாக எழுதுகிறது" என்பதை நம்பிச் சொல்வதற்கும் பார்த்துச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒரு உதாரணம். குறியில்லாத (எதிர்ம மதிப்பு இல்லாத) 32 பிட் எண்ணை 10ஆல் வகுக்கும் ஃபங்ஷனை ஓ2வில் கம்பைல் செய்து பாருங்கள். வகுத்தல் கட்டளையே இருக்காது. பதிலாக 3435973837 என்ற எண்ணால் பெருக்கி, வந்ததை 35 பிட் வலப்பக்கம் தள்ளும். 2இன் 35ஆம் அடுக்கைப் பத்தால் வகுத்து, மேல்நோக்கி முழுதாக்கினால் கிடைக்கும் எண் அது. வகுத்தலுக்கு ஆகும் நேரத்தைவிடப் பெருக்கலுக்கு ஆகும் நேரம் மிகக் குறைவு, அதனால் இந்த வித்தை. இதைப் பார்த்து ரசிக்க ஒரு கண் வேண்டும். அதைத்தான் இவர் கேட்கிறார்.

கையால் எழுதுபவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். வீடியோ வடிவம் மாற்றும் எஃப்எஃப்எம்பெக், ஏவி1 வீடியோவைப் பிரிக்கும் டேவ்1டி இரண்டிலும் கையால் எழுதிய அசெம்பிளி ஏராளம். ஓபன்எஸ்எஸ்எல்லின் குறியாக்கப் பகுதியிலும் உண்டு. லினக்ஸ் கெர்னலுக்குள் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையம்) நுழையும் வாசலே அசெம்பிளிதான், அதை சி மொழியில் எழுத வழியில்லை. ஆனால் நம்மைப் போன்ற நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்கு எழுதத் தேவை வராது, வாசிக்கத்தான் வரும். ஒரு நிரல் நொறுங்கும்போது டீபக்கர் (பிழை தேடும் கருவி) காட்டும் திரையைப் பார்த்துப் பயப்படாமல் இருப்பதே பெரிய லாபம்.


ரிஸ்க்எடுப்பவள்

என் பெயரைப் பார்த்தாலே நான் எந்தக் கட்சி என்று தெரியும். ரிஸ்க்-வி என்ற கட்டளைத் தொகுப்பு!

எக்ஸ்86 என்பது 1978ல் வந்த 8086இன் மேல் மாடி மாடியாகக் கட்டிக்கொண்டே போன வீடு. ஒரே ரெஜிஸ்டருக்கு ஆர்ஏஎக்ஸ், ஈஏஎக்ஸ், ஏஎக்ஸ், ஏஎல், ஏஎச் என்று ஐந்து பெயர். ஒரு கட்டளை ஒரே பைட்டாகவும் இருக்கலாம், 15 பைட்டாகவும் இருக்கலாம். புதிதாகக் கற்பவர் இந்த வரலாற்றை எல்லாம் ஏன் சுமக்க வேண்டும்?

ரிஸ்க்-வியின் 32 பிட் அடிப்படைத் தொகுப்பில் ஏறக்குறைய 40 கட்டளைகள்தான். எல்லாம் 4 பைட். 32 ரெஜிஸ்டர்கள், அதில் எக்ஸ்0 எப்போதும் பூஜ்யம், எதை எழுதினாலும் பூஜ்யமாகவே இருக்கும். அதை வைத்தே நிறைய வேலை நடக்கிறது. ஒரு மதிப்பை நகர்த்த வேண்டுமா, பூஜ்யத்தோடு கூட்டு. கொடி ரெஜிஸ்டரே கிடையாது. "இந்த இரண்டும் சமமானால் அங்கே தாவு" என்று ஒரே கட்டளை. நாம் மனதில் நினைப்பது போலவே இருக்கும்.

சிப் வாங்க வேண்டியதில்லை. ரார்ஸ், ரைப்ஸ் என்று சிமுலேட்டர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ரைப்ஸில் பைப்லைன் (கட்டளைகள் கட்டம் கட்டமாக நகர்வது) ஓடுவதையே படமாகப் பார்க்கலாம். நம்ம ஐஐடி மெட்ராஸில் உருவான சக்தி செயலியும் ரிஸ்க்-விதான். அதுவும் ஒரு காரணமாக இருக்கட்டுமே.


எட்டுபிட்டு

அம்மா, அடிப்படைத் தொகுப்பில் பெருக்கல்கூட இல்லையே. எங்கள் 8085லும் இல்லை. அப்போ ஏன் 8085 மட்டும் பழசு?


ரிஸ்க்எடுப்பவள்

ஐயா, பெருக்கல் எம் என்ற நீட்சியில் இருக்கிறது. வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளலாம், சிமுலேட்டர்களில் எல்லாம் உண்டு. ஆனால் ஒத்துக்கொள்கிறேன், இடம்பெயர்த்துக் கூட்டிப் பெருக்குவதை ஒரு தடவையாவது கையால் எழுதினால்தான் பெருக்கல் புரியும்.


மூணாவதுவருடம்

அண்ணா, அக்கா, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இந்த செமஸ்டரில் 8086 லேப். டாஸ்பாக்ஸில் (டாஸ் என்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டம் போல நடிக்கும் மென்பொருள்) மாஸ்ம் என்ற அசெம்பிளர் போட்டு ஓட்டச் சொல்கிறார்கள். ஐஎன்டி 21எச் என்று போட்டால் திரையில் வருகிறது, ஏன் வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. இதைப் படிப்பது வீணா?


எட்டுபிட்டு

வீணாகாது. ஐஎன்டி 21எச் என்பது டாஸைக் கூப்பிடும் மணி. ஏஎச்சில் எந்த வேலை என்று எண் வைக்கிறாய். 9 என்றால் டிஎக்ஸில் இருக்கும் முகவரியிலிருந்து டாலர் குறி வரும் வரைக்கும் அச்சிடு. 4சி என்றால் நிரலை முடி. டாலர் குறி போட மறந்தால் நினைவகத்தில் இருக்கும் குப்பை எல்லாம் திரைக்கு வரும், ஒரு தரம் வேண்டுமென்றே செய்து பார். செக்மென்ட் கணக்கையும் கற்றுக்கொள்: செக்மென்ட்டை 16ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டு. 16 பிட் ரெஜிஸ்டரை வைத்து 1 எம்பி நினைவகத்தைத் தொட அவர்கள் செய்த உபாயம் அது. தேர்வில் கட்டாயம் கேட்பார்கள்.


நத்தை

கூடவே ஒன்று. லினக்ஸில் சிஸ்கால் செய்வதும் அதே யோசனைதான். எண்ணை ஒரு ரெஜிஸ்டரில் வைத்து, ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கூப்பிடுவது. 8086 லேபில் இதைப் புரிந்துகொண்டால் மற்ற இடத்தில் எண்கள் மட்டும்தான் மாறும்.


கீழ்த்தளம்

இவ்வளவு பதிலா! எல்லோருக்கும் நன்றி. கம்பைலர் எக்ஸ்ப்ளோரரில் பார்த்தேன். நத்தை கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் விடை தெரிந்தது: விண்டோஸ் கம்பைலருக்கு மாற்றினால் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐக்குப் பதில் ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ் என்று வருகிறது. அப்படியானால் இது சிப்பின் விதி இல்லை, யாரோ பேசி வைத்துக்கொண்ட ஒப்பந்தம். சரியா? ஏன் ஆட் வரவில்லை என்பது இன்னும் புரியவில்லை.


நத்தை

மிகச் சரி. அதற்குப் பெயர் காலிங் கன்வென்ஷன். லினக்ஸில் முதல் ஆறு முழு எண்கள் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9 என்ற வரிசையில் வரும். விண்டோஸில் முதல் நான்கு ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ், ஆர்8, ஆர்9. விடை இரண்டிலும் ஆர்ஏஎக்ஸில். அதனால்தான் ஒரு கணினிக்கு எழுதிய அசெம்பிளி, அதே சிப் உள்ள இன்னொரு கணினியில் ஓடாமல் போகிறது.

ஆட் பற்றி: எக்ஸ்86இன் ஆட் இரண்டு இடங்களை மட்டும் எடுக்கும், விடையை முதல் இடத்தின் மேலேயே எழுதிவிடும். நமக்கு விடை மூன்றாவதாக ஒரு ரெஜிஸ்டரில் வேண்டும். ஆட் என்றால் முதலில் ஒரு மூவ், பிறகு ஒரு ஆட். லீ என்பது முகவரி கணக்கிடுவதற்காக இருக்கும் கட்டளை, நினைவகத்தைத் தொடவே தொடாது, கூட்டல் மட்டும் செய்து மூன்றாவது இடத்தில் வைக்கும். கம்பைலர் அதைக் கூட்டல் இயந்திரமாகத் திருடிக்கொள்கிறது.

இனி எழுதலாம். விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) போட்டு உபுண்டு நிறுவுங்கள். அசெம்பிளர் நாஸ்ம் (பெயர் நாசம் போல ஒலிக்கிறதே என்று பயப்பட வேண்டாம், நல்ல பிள்ளை). வெளியீட்டு வடிவம் எல்ஃப்64, இணைக்க எல்டி என்ற லிங்கர். முதல் நிரல் எதையும் அச்சிட வேண்டாம். இதுதான்:

மூவ் ஆர்ஏஎக்ஸ், 60
மூவ் ஆர்டிஐ, 42
சிஸ்கால்

60 என்றால் நிரலை முடி. 42 என்பது முடியும்போது விட்டுச்செல்லும் எண். ஓட்டிவிட்டு டெர்மினலில் எக்கோ என்று அடித்து, பக்கத்தில் டாலர் குறியும் கேள்விக்குறியும் போட்டால் 42 என்று வரும். அச்சிடத் தெரியாமலே விடையைப் பார்க்கும் வழி இது. 0 முதல் 255 வரைதான் காட்டும், தொடக்கத்துக்குத் தாராளம். இதை வைத்தே கூட்டல், பெருக்கல், 1 முதல் 10 வரை கூட்டுத்தொகை எல்லாம் எழுதிப் பழகுங்கள். 55 வர வேண்டும்.

எச்சரிக்கை: இணையத்தில் பாதிப் பாடங்கள் 32 பிட் காலத்தவை. அங்கே ஐஎன்டி 80எச், எழுத 4, முடிக்க 1. நம் சிஸ்கால் முறையில் எழுத 1, முடிக்க 60. இரண்டையும் கலந்தால் விபரீதம்: 64 பிட் எண்ணான 1ஐ வைத்து ஐஎன்டி 80எச் கூப்பிட்டால், எழுதச் சொன்னதாக நீங்கள் நினைப்பீர்கள், நிரல் சத்தமில்லாமல் முடிந்துபோகும்.


தேனிக்காரி

என்னிடம் எம்1 மேக்புக். இதெல்லாம் எனக்கு ஓடாது இல்லையா?


ரிஸ்க்எடுப்பவள்

அப்படியே ஓடாது. உங்கள் செயலி 64 பிட் ஆர்ம். எக்ஸ்0 முதல் எக்ஸ்30 வரை 31 ரெஜிஸ்டர்கள், திரும்பிப் போகும் முகவரி எக்ஸ்30ல் இருக்கும். மொழியே சுத்தமாக இருக்கும், கவலை வேண்டாம். ஆனால் மேக்கில் சிஸ்காலை நேராகக் கூப்பிடப் பழக வேண்டாம். அந்த எண்கள் மாறாது என்று ஆப்பிள் உறுதி தருவதில்லை. மெயின் ஃபங்ஷனை சி மொழியில் வைத்து, உள்ளே ஒரு ஃபங்ஷனை மட்டும் அசெம்பிளியில் எழுதி இரண்டையும் இணையுங்கள். பெயருக்கு முன்னால் ஒரு அடிக்கோடு போட வேண்டும், இல்லாவிட்டால் லிங்கர் கிடைக்கவில்லை என்று சொல்லும்.


கீழ்த்தளம்

55 வந்தது! அடுத்து அச்சிடப் போனேன். ஆங்கிலத்தில் ஹலோ எதற்கு, "வணக்கம்" போடலாமே என்று இப்படி எழுதினேன்:

மூவ் ஆர்ஏஎக்ஸ், 1
மூவ் ஆர்டிஐ, 1
மூவ் ஆர்எஸ்ஐ, செய்தி
மூவ் ஆர்டிஎக்ஸ், 5
சிஸ்கால்
ரெட்

ஐந்து எழுத்து, அதனால் நீளம் 5. திரையில் "வ" வந்தது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டம், அதற்குக் கீழே செக்மென்டேஷன் ஃபால்ட். இரண்டும் ஒரே காரணமா?


நத்தை

இரண்டு வேறு காரணம், இரண்டுமே அருமையான காரணம்.

முதலில் நொறுங்கியது. ரெட் என்ன செய்யும்? ஸ்டாக்கின் மேல் இருக்கும் எண்ணை எடுத்து, அதை முகவரியாக நினைத்து அங்கே தாவும். ஒரு ஃபங்ஷனை யாராவது கால் செய்திருந்தால் அங்கே திரும்பும் முகவரி இருக்கும். உங்கள் நிரலின் தொடக்கத்தை யாரும் கால் செய்யவில்லை. கெர்னல் நேராக அங்கே இறக்கிவிட்டது. அப்போது ஸ்டாக்கின் மேல் இருப்பது ஆர்கியூமென்ட்களின் எண்ணிக்கை. நீங்கள் வேறு எதுவும் தராமல் ஓட்டினால் அது 1. ஆக நிரல் 1 என்ற முகவரிக்குத் தாவியது, அங்கே உங்களுக்கு எந்த நினைவகமும் இல்லை, கெர்னல் கொன்றுவிட்டது. ரெட்டை எடுத்துவிட்டு ஒன்றும் போடாமல் விட்டாலும் இதே கதிதான். செயலிக்கு நிரல் முடிந்தது என்று தெரியாது, அடுத்து என்ன பைட் இருக்கிறதோ அதைக் கட்டளை என்று நினைத்து ஓடும். 60ஐ வைத்து முடிக்கச் சொல்லுங்கள்.

கேள்விக்குறிக் கட்டத்தைத் தமிழ் எழுதுகிறவர்கள் சீக்கிரம் பிடித்துவிடுவார்கள். யாராவது சொல்லுங்கள்.


மூணாவதுவருடம்

நான் சொல்கிறேன்! யூடிஎஃப்-8ல் (எழுத்துகளைப் பைட்களாக வைக்கும் முறை) தமிழுக்கு ஒவ்வொரு குறியும் 3 பைட். வணக்கம் என்பது வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி, ஆக 7 குறிகள், 21 பைட். ஆர்டிஎக்ஸில் 5 என்றால் வ முழுசாக 3 பைட், அப்புறம் ண-வில் 2 பைட் மட்டும். அந்த அரைகுறை ண-தான் கட்டம்.


நத்தை

நூற்றுக்கு நூறு. கெர்னலுக்கு எழுத்து என்றால் என்னவென்றே தெரியாது, பைட் மட்டும்தான் தெரியும். நீளத்தைக் கையால் எண்ணாதீர்கள். செய்திக்கு அடுத்த வரியில், "இப்போதைய இடம் கழித்தல் செய்தியின் தொடக்கம்" என்று நாஸ்மிடமே கணக்கிடச் சொல்லலாம். நாஸ்மில் டாலர் குறி என்றால் இப்போதைய இடம்.

அடுத்த பள்ளத்தையும் முன்கூட்டியே காட்டிவிடுகிறேன். எண்ணை அச்சிட, பத்தால் வகுத்து மீதியோடு 48ஐக் கூட்ட வேண்டும். 48 என்பது "0" என்ற எழுத்தின் ஆஸ்கி எண். டிவ் கட்டளை ஆர்ஏஎக்ஸை மட்டும் வகுப்பதில்லை, ஆர்டிஎக்ஸையும் ஆர்ஏஎக்ஸையும் ஒட்டி 128 பிட் எண்ணாக எடுத்து வகுக்கும். ஆர்டிஎக்ஸில் பழைய மிச்சம் கிடந்தால் விடை தப்பாகும், அல்லது 64 பிட்டுக்குள் அடங்காமல் போகும். அடங்காமல் போனால் "ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்செப்ஷன்" என்று வரும். தசம எண்ணே இல்லாத நிரலில் இந்தச் செய்தி வந்தால் ஆள் குழம்பிவிடுவார். ஒவ்வொரு டிவ்வுக்கு முன்னும் எக்ஸ்ஓஆர் ஈடிஎக்ஸ், ஈடிஎக்ஸ். 32 பிட் பாதியில் எழுதினால் மேல் பாதி தானாகப் பூஜ்யமாகும், அதனால் இதுவே போதும். பூஜ்யமாக்க மூவ் போட்டால் 5 பைட், இது 2 பைட். கம்பைலர் எங்கு பார்த்தாலும் இதையே போடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.


கீழ்த்தளம்

வணக்கம் ஒழுங்காக வந்துவிட்டது. ஆர்சிஎக்ஸில் 10 வைத்து லூப் கட்டளையால் பத்து முறை அச்சிட நினைத்தேன். நிற்கவே இல்லை, திரை முழுக்க வணக்கம். கன்ட்ரோல் சி அடித்துத்தான் நிறுத்தினேன். லூப் கட்டளை ஆர்சிஎக்ஸில் ஒன்று கழித்து, பூஜ்யம் வந்தால் நிற்கும் என்றுதானே படித்தேன்?


எட்டுபிட்டு

தம்பி, ஊகித்துக்கொண்டு உட்காராதே. டீபக்கரைத் திற. எங்கள் கிட்டில் சிங்கிள் ஸ்டெப் பட்டன் இருக்கும், ஒவ்வொரு கட்டளைக்கும் ரெஜிஸ்டரைப் பார்ப்போம். உன்னிடம் இருப்பது அதைவிட நல்ல கருவி.


நத்தை

சார் சொல்வதுதான். ஜிடிபி என்ற டீபக்கரைத் திறந்து, "லேஅவுட் ரெக்ஸ்" என்று அடித்தால் மேலே ரெஜிஸ்டர்கள், கீழே கட்டளைகள். "ஸ்டெப்ஐ" ஒவ்வொன்றாக நகர்த்தும். மாறிய ரெஜிஸ்டர் தனியாக ஒளிரும். சிஸ்காலைத் தாண்டும்போது ஆர்சிஎக்ஸை மட்டும் பாருங்கள்.


கீழ்த்தளம்

பார்த்தேன். சிஸ்காலுக்கு முன்னால் 10, அடுத்த நொடி 40 லட்சத்துச் சொச்சம்! அந்த எண், சிஸ்காலுக்கு அடுத்த கட்டளையின் முகவரியாக இருக்கிறது.


நத்தை

அதேதான். சிஸ்கால் கட்டளை தான் திரும்பி வர வேண்டிய முகவரியை ஆர்சிஎக்ஸில் எழுதி வைக்கிறது, கொடிகளை ஆர்11ல். அது சிப்பின் விதி. லூப் ஒன்றைக் கழிக்கிறது, அடுத்த சுற்றில் சிஸ்கால் மறுபடி அதே முகவரியை எழுதுகிறது. பூஜ்யம் எந்தக் காலத்திலும் வராது. எண்ணிக்கையை ஆர்பிஎக்ஸில் வைத்து, டெக், ஜேஎன்இசட் என்று எழுதுங்கள். லூப் கட்டளையைக் கம்பைலர்கள் பயன்படுத்துவதே இல்லை, பல செயலிகளில் அது இவ்விரண்டையும்விட மெதுவானது.


அவசரக்காரன்

வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தேன். இதே லூப் நிரலை ஏஐயிடம் கேட்டேன், எனக்கும் ஆர்சிஎக்ஸில்தான் எழுதித் தந்தது. ஓட்டினால் நிற்கவில்லை. சரி, வாசிக்கத் தெரிந்தால் நல்லதுதான் போலிருக்கிறது. ரெட், கால் இரண்டும் இந்த இழையில்தான் புரிந்தது.


ரிஸ்க்எடுப்பவள்

கீழ்த்தளத்துக்கு ஒரு பயிற்சி. மூணாவதுவருடம் தம்பியும் செய்யலாம், எந்தச் சிப்பிலும் செய்யலாம். ஒரு தமிழ்ச் சொல்லில் எத்தனை யூனிகோடு குறிகள் என்று எண்ணி, அந்த எண்ணை விட்டுவிட்டு முடியும் நிரல். வணக்கம் கொடுத்தால் 7 வர வேண்டும். குறிப்பு: யூடிஎஃப்-8ல் ஒரு குறியின் நடுவிலும் கடைசியிலும் வரும் பைட்கள் எல்லாம் மேல் இரண்டு பிட்டில் 1, 0 என்று இருக்கும். முதல் பைட் அப்படி இருக்காது.


கீழ்த்தளம்

செய்தேன், 7 வருகிறது. சொல்லுக்குக் கடைசியில் ஒரு பூஜ்ய பைட் வைத்திருக்கிறேன். ஆர்டிஐயைத் தொடக்கத்தில் பூஜ்யமாக்கிவிட்டேன்.

மீண்டும்:
மூவ்இசட்எக்ஸ் ஈஏஎக்ஸ், பைட் [ஆர்எஸ்ஐ]
டெஸ்ட் ஏஎல், ஏஎல்
ஜேஇசட் முடிவு
ஆண்ட் ஏஎல், 192
கம்ப் ஏஎல், 128
ஜேஈ தாண்டு
இன்க் ஆர்டிஐ
தாண்டு:
இன்க் ஆர்எஸ்ஐ
ஜம்ப் மீண்டும்

ஆனால் எனக்கு 7 வேண்டாம், 5 வேண்டும். பள்ளியில் எண்ணுவது போல.


ரிஸ்க்எடுப்பவள்

அப்படிக் கேளுங்கள்! அதற்குப் புள்ளியையும் கொம்பு, கால் முதலிய உயிர்க்குறிகளையும் எண்ணாமல் விட வேண்டும். தமிழ்க் குறிகளின் முதல் பைட் எல்லாம் 224. இரண்டாவது பைட் 174 அல்லது 175. இரண்டாவது 174, மூன்றாவது 190 அல்லது 191 என்றால் அது கால் அல்லது இகரக் கொக்கி. இரண்டாவது 175, மூன்றாவது 128 முதல் 141 வரை என்றால் மற்ற உயிர்க்குறிகளும் புள்ளியும். 175, 151 என்று ஒரு ஔகாரக் குறி தனியாக இருக்கிறது, அதையும் விட்டுவிடுங்கள். ஆய்த எழுத்து இந்த எல்லைக்குள் வராது, தானாக எண்ணிக்கையில் சேரும்.

ஒப்பிடும்போது ஜேஏ, ஜேபி என்ற குறியில்லாத தாவல்களைப் போடுங்கள். ஜேஜி, ஜேஎல் போட்டால் 127க்கு மேற்பட்ட பைட் எல்லாம் எதிர்ம எண்ணாகத் தெரியும், கணக்கு கவிழலாம்.


மூணாவதுவருடம்

அக்கா, "ஸ்ரீ" கொடுத்தால்?


ரிஸ்க்எடுப்பவள்

ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி. 4 குறிகள், 12 பைட். நம் நிரல் 2 என்று சொல்லும். திரையில் ஒரே எழுத்தாகத் தெரிவது எழுத்துரு செய்யும் வேலை. அதை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்று இலக்கணப் பிரிவில் போய்க் கேளுங்கள். அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தால், அதற்கான நாலு கம்ப் கட்டளைகளை நான் எழுதித் தருகிறேன்.


எட்டுபிட்டு

நான் இதை 8085க்கு எழுதிப் பார்த்தேன். சிபிஐ, ஜேசி, ஐஎன்எக்ஸ் எச், அவ்வளவுதான். முடியும் எண்ணை வாங்க அங்கே ஆளில்லை, அதனால் விடையை 4200ல் வைத்திருக்கிறேன். "வணக்கம்" சொல்லின் 21 பைட்டையும் பூஜ்யத்தையும் கையால் அடித்தேன். 05 என்றுதான் காட்டுகிறது.